ரெசின் வார்த்து மைப்பேனா செய்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

கிட் (தயார் பாகங்களின் தொகுப்பு) வாங்கிச் செய்யும் பேனாவில் ரெசினுக்குள் பித்தளைக் குழாய் இருக்கும். வார்ப்பில் சின்னக் குறை இருந்தாலும் அது தாங்கிக்கொள்ளும். குழாயில்லாமல் கடையும் மைப்பேனாவில் அந்தச் சலுகை கிடையாது. மூடிக்கும் நிப் பகுதிக்கும் வேண்டிய மரையை ரெசினிலேயே வெட்ட வேண்டும். சில இடங்களில் சுவர் 2 மில்லிமீட்டர்கூட மிஞ்சாது. ரெசின் கலக்கும் கப்பில் செய்த தவறு, வார்த்த கட்டி லேத்தில் (கடைசல் இயந்திரம்) ஏறிய பிறகுதான் பல்லைக் காட்டும்.

முதலில் அளவு. ரெசினும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும் 2:1 என்று டப்பாவில் போட்டிருந்தால் அது எடையா, கன அளவா என்று பாருங்கள். இரண்டு திரவங்களின் அடர்த்தியும் ஒன்றல்ல. கன அளவு விகிதத்தைத் தராசில் நிறுத்தால் கணக்கு தப்பிவிடும். சீக்கிரம் இறுகட்டும் என்று எபாக்ஸி வகை ரெசினில் ஹார்டனரைக் கூட்டி ஊற்றுவது இன்னும் மோசம், கட்டி கடைசிவரை பிசுபிசுக்கும். கலக்கும்போது கப்பின் ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலக்குங்கள். நான் பாதியில் வேறு கப்புக்கு மாற்றிக் கலக்குவேன்.

யூரித்தேன் ரெசினுக்கு ஈரம் ஜென்மப் பகை. அதன் ஒரு பாகமான ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வரும், வார்ப்பு ரொட்டி மாதிரி பொங்கும். நீரில் கரைத்த சாயம், முழுசாகக் காயாத மரத்துண்டு, திறந்தே கிடந்த பாட்டில் எல்லாம் இதற்குக் காரணமாகலாம். மரம் சேர்ப்பதானால் எடை குறைவது நிற்கும்வரை மின் அடுப்பில் (ஓவன்) உலர்த்துங்கள். (சமையலுக்கு வைத்திருக்கும் ஓவன் வேண்டாம்.)

குமிழியைப் போக்கப் பலரும் வெற்றிடப் பம்பைத் தேடுகிறார்கள். சீக்கிரம் இறுகும் யூரித்தேனுக்கு வேண்டியது நேர்மாறானது: பிரஷர் பாட், அதாவது உள்ளே காற்றழுத்தம் ஏற்றும் மூடிய பாத்திரம். 50 பிஎஸ்ஐ அழுத்தத்தில் குமிழி அதன் கன அளவில் கால்பங்குக்கும் கீழே சுருங்கிவிடும். அது சுருங்கியபடியே ரெசின் இறுக வேண்டும்; அவசரப்பட்டு அழுத்தத்தை இறக்கினால் மறுபடி உப்பும். சிலிக்கான் அச்சையும் அழுத்தத்திலேயே வார்த்துவிடுங்கள். இல்லையென்றால் அச்சுக்குள் இருக்கும் குமிழிகள் பிரஷர் பாட்டுக்குள் சுருங்க, வார்ப்பின் மேல் பருப்பருவாக எழும். பிரஷர் பாட்டின் மேல் குறித்திருக்கும் உச்ச அழுத்தத்தை எக்காரணம் கொண்டும் தாண்டாதீர்கள்.

இரண்டு மூன்று நிறம் சுழல வேண்டுமென்றால் ரெசின் தண்ணியாக இருக்கும்போது ஊற்றாதீர்கள். எல்லாம் கலந்து சேற்று நிறம்தான் வரும். லேசாகப் பாகு பதத்துக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். பதம் தாண்டினால் மடிப்புகளில் காற்று சிக்கும்.

தூசிக்கான சாதாரண முகமூடி ரெசின் ஆவியைத் தடுக்காது. ஆவியை வடிக்கும் கேட்ரிட்ஜ் வைத்த மாஸ்க்கும் நைட்ரைல் கையுறையும் வேண்டும்.

சரி, அதிகம் பேர் கோட்டை விடுவது காத்திருப்பதில். என் முதல் மைப்பேனாவை மாலையில் வார்த்து, மறுநாள் காலையிலேயே மரை போட்டேன். மூடி வழுக்கிக்கொண்டு ஏறியது. பத்து நாள் கழித்துப் பார்த்தால் பாதித் திருகிலேயே நின்றுவிட்டது. உடல்பகுதி மயிரிழை வளைந்திருந்தது. அச்சிலிருந்து கழற்றும் அளவுக்கு இறுகுவது வேறு, முழுசாக இறுகுவது வேறு. இப்போதெல்லாம் ஒரு வாரம் தொடுவதில்லை. துளை போடும்போதும் அதே பொறுமை வேண்டும்: கொஞ்சம் இறக்கி, டிரில் பிட்டை வெளியே எடுத்துத் துருவலைத் தட்டி, சூடு ஆறவிட்டு மறுபடி. பாலியஸ்டர் ரெசின் நொறுங்கும் குணமுள்ளது, மழுங்கிய டேப்பை (உள்மரை வெட்டும் கருவி) விட்டால் மரையின் முகடு உதிர்ந்துவிடும்.

கப்பில் மிஞ்சும் ரெசினைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் நகத்தை அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் கட்டியை லேத்தில் ஏற்ற வேண்டாம். தடம் விழாவிட்டாலும், முதல் மரையை அந்த மிச்சத்தில் போட்டுப் பார்த்த பிறகே கட்டிக்குப் போங்கள்.