அரிய ஐரோப்பியக் குடும்பப்பெயரின் ஊரைக் கண்டுபிடிக்க: சீகன்பால்க் வழியாக ஒரு பாடம்

முதலில் அகராதியை மூடி வையுங்கள். பெயரின் அர்த்தத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் வேண்டியது ஊர். ம்யூல்லர் (மாவாலைக்காரர்) மாதிரிப் பெயர் என்றால் அதுவும் நடக்காது. ஜெர்மனியில் மாவரைக்கும் ஆலை இல்லாத வட்டாரம் ஏது? அரிய பெயரோ பெரும்பாலும் ஒரே பகுதியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்கின் பெயரையே எடுத்துக்கொள்வோம். எங்கள் வீட்டில் அது சித்தப்பாவுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். அதனால் ஏதாவது தளம் இந்தியாவிலும் இந்தப் பெயர் இருப்பதாகக் காட்டினால் உடனே வம்சாவளி வரைய உட்கார்ந்துவிடாதீர்கள்.

எழுத்துக்கூட்டலில் தாராளமாக இருங்கள். ஜெர்மனியில் 1876இல் நாடு முழுவதும் அரசுப் பதிவு வரும்வரை, போதகர் காதில் விழுந்ததுதான் எழுத்து. கிழக்கு ஜெர்மனியில் உள்ள சாக்சனிப் பகுதியின் பேச்சில் 'ப'வின் வன்மையும் மென்மையும் கலந்துவிடும், கடைசி எழுத்து க், ஹ் என்று மாறும். எல்லா வடிவங்களையும் தட்டித் தேடுங்கள். பெண்களுக்கு இன்னொரு சிக்கல்: பழைய பதிவேடுகளில் அவர்கள் பெயரோடு 'இன்' விகுதி சேரும். 'சீகன்பால்கின்' என்று தேடாவிட்டால் பாதிக் குடும்பம் கண்ணில் படாது.

அடுத்தது வரைபடம். ஜியோஜென் போன்ற தளங்கள் டெலிபோன் டைரக்டரியை வைத்துப் பெயர்ப் பரவலை வரைகின்றன. அதில் மொத்த எண்ணிக்கைப் படத்தைப் பார்க்காதீர்கள், எந்தப் பெயரைப் போட்டாலும் பெர்லின் பளிச்சென்று தெரியும். மக்கள்தொகை விகிதப் படம்தான் பேசும். சீகன்பால்குக்கு அது கிழக்கு சாக்சனியைக் காட்டும்.

ஆனால் இந்தப் படம் புதியது. 1945க்குப் பிறகு லட்சக்கணக்கானோர் கிழக்கிலிருந்து மேற்கே பெயர்ந்தார்கள். அதற்கு முந்தைய நிலைமை தெரிய, முதல் உலகப்போரில் ஜெர்மன் படையில் இறந்தவர், காயமடைந்தவர், காணாமல் போனவர் பட்டியலைப் பிடியுங்கள். சுமார் 31,000 பக்கங்கள். ஜெர்மன் வம்சாவளி ஆர்வலர்கள் கூடி உட்கார்ந்து தட்டச்சு செய்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள், அவர்களுக்குக் கோயிலே கட்டலாம். அதில் வீரனின் பெயரோடு ஊரும் இருக்கும். இன்றைய படமும் இந்தப் பட்டியலின் ஊர்களும் ஒரே இடத்தில் குவிந்தால் தைரியமாக மேலே போகலாம்.

இங்கே குவியும் பகுதி, பர்த்தலோமேயு 1682இல் பிறந்த புல்ஸ்னிட்ஸைச் சுற்றித்தான். டிரெஸ்டனுக்கு வடகிழக்கே, மசாலா கேக்குக்குப் பேர்போன சிற்றூர். அப்பா தானிய வியாபாரி.

இனி திருச்சபைப் பதிவேடுகள். ஆர்க்கியான் என்ற கட்டணத் தளத்தில் புராட்டஸ்டன்ட் சபைகளின் ஏடுகள் ஸ்கேனாக இருக்கின்றன. உங்களுக்கு வேண்டிய சபை அதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பழைய ஜெர்மன் கையெழுத்து படிக்கத் தெரியாதவர், தேதி தெரிந்த ஒரு ஞானஸ்நானப் பதிவில் தொடங்கிப் பின்னோக்கிப் போவது நல்லது. 1618–48 முப்பதாண்டுப் போரில் எரிந்துபோன ஏடுகள் நிறைய, அங்கே முட்டி நின்றால் உங்கள் தப்பில்லை.

சரி, இப்போது அகராதியைத் திறக்கலாம். சீகே என்றால் ஆடு, பால்க் என்றால் உரித்தெடுத்த முழுத்தோல், துருத்திக்கும் அதே சொல். தோல் பதனிடுபவருக்கோ துருத்தி செய்பவருக்கோ ஊரார் வைத்த பட்டப்பெயராக இருக்க வாய்ப்பு அதிகம். மைன்ஸ் அகாதெமியின் குடும்பப்பெயர் அகராதி இணையத்தில் இலவசம், எந்தப் பெயருக்கும் அங்கே ஒரு நடை போய் வாருங்கள்.

ஊரை விட்டு விலகி ஒற்றையாக நிற்கும் பதிவுகளைத் தனியாக எழுதி வையுங்கள். 18ஆம் நூற்றாண்டு டென்மார்க்கில் ஒரு சீகன்பால்க் தட்டுப்பட்டால் அது வேறு குடும்பம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். மிஷனரியின் மகன் எர்ன்ஸ்ட் காட்லீப் கோபன்ஹேகனில் கணிதப் பேராசிரியராக இருந்தவர்.