டிரோன் வீடியோ எடிட்டிங்: உப்பளத்தில் எடுத்ததை மூன்று நாள் கெடுத்ததும் பிறகு சரிசெய்ததும்

போன மாசியில் ஒரு நாள் மரக்காணம் உப்பளத்தில் காலை ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவில் பதினாறு கிளிப்பும் நாற்பது சொச்சம் படமும் எடுத்தேன். கார்டைச் செருகி அப்படியே ஓடவிட்டால் வீடியோ வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, அதையே எடிட் செய்து வெளியே எடுத்தால் திக்கித் திக்கி ஓடுகிறது. மூன்று நாள் அல்லாடினேன். கடைசியில் பார்த்தால், முதல் நாளே நான் படிக்காமல் அழுத்திய ஒரு பட்டன்தான் காரணம். அந்த இடத்தை மட்டும் கீழே நீட்டி முழக்கியிருக்கிறேன், மற்றதெல்லாம் சுருக்கம்தான்.

பறக்கவிடுவது எப்படி என்று இதில் சொல்லப்போவதில்லை. கிளம்புமுன் அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் வான்வெளி வரைபடத்தைத் திறந்து அந்த இடம் பச்சையா, அதாவது பறக்கவிட முன் அனுமதி தேவைப்படாத இடமா என்று பாருங்கள், அளத்தில் வேலை செய்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏற்றுங்கள், போதும்.

என்னிடம் இருப்பது 2021இல் வாங்கிய டிஜேஐ மினி 2 டிரோன், எட்டு ஜிபி ராம் உள்ள ஒரு பழைய லேப்டாப். வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு, படங்களுக்கு டார்க்டேபிள். காசு கொடுத்து எதுவும் வாங்கவில்லை, வாங்கவும் தேவையில்லை.

கார்டிலிருந்து எடுப்பது

போனிலிருந்து எடுக்காதீர்கள், கார்டைக் கழற்றி ரீடரில் போடுங்கள். முதலில் இந்த ஒரு வரியோடு விட்டுவிட்டேன், இது யாருக்குத் தெரியாது என்று. பதிவு வந்த வாரத்திலேயே மூன்று பேர் "வீடியோ மங்கலாக இருக்கிறதே" என்று கேட்டார்கள். விசாரித்தால் மூன்று பேருமே பறக்கும்போது போனில் சேமிப்பாகிற நகலை வைத்து எடிட் செய்திருக்கிறார்கள். அது திரையில் பார்ப்பதற்காகச் சிக்னல் வழியே வரும் குறைந்த தரமுள்ள நகல். உண்மையான 4கே கோப்பு கார்டில்தான் இருக்கும். மினி 2இல் ஒரு நிமிடம் 4கே எடுத்தால் ஏறக்குறைய 750 எம்பி வரும். உங்கள் கோப்பு 40 எம்பி என்று காட்டினால் அது நகல்தான்.

கார்டில் வீடியோவின் பெயரிலேயே எஸ்ஆர்டி என்று குட்டிக் கோப்பும் கிடக்கலாம். ஷட்டர், ஐஎஸ்ஓவோடு எந்த இடத்தில் எடுத்தது என்கிற ஜிபிஎஸ் விவரமும் அதில் இருக்கும். உங்களுக்குப் பயன்படும், ஆனால் கோப்புறையை அப்படியே ஊருக்கு அனுப்பும்போது அதை எடுத்துவிடுங்கள்.

படங்கள்

ஜேபெக் கூடவே டிஎன்ஜியும் (கேமரா திருத்தாத மூலப் படம்) சேமிக்கும்படி வைத்து எடுங்கள். உப்பளம் மாதிரி இடத்தில் கேமரா நன்றாகவே ஏமாறும். நேர் மேலிருந்து எடுத்தால் திரை முழுக்க வெள்ளை, அது "ஐயோ வெளிச்சம் அதிகம்" என்று இருட்டாக்கிவிடுகிறது, உப்பு சிமெண்ட் நிறத்தில் வருகிறது, பக்கத்தில் நிற்கும் ஆள் கரிக்கட்டை. டார்க்டேபிளில் எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவு) 0.7 அளவுக்கு ஏற்றினேன், உப்பு உப்பாக வந்தது. சாய்வாக எடுத்த படத்தில் கதை தலைகீழ், பாத்தித் தண்ணீரில் சூரியன் அடித்த இடம் வெந்து வெள்ளையாகியிருக்கும். அதை மீட்க முடியாது, மீட்கப் போனால் சாம்பல் திட்டுதான் மிஞ்சும். அப்படியே விட்டுவிடுங்கள், சூரியன் பளிச்சென்றுதானே அடிக்கும்.

ஒயிட் பேலன்ஸுக்கு, அதாவது எது வெள்ளை என்று மென்பொருளுக்குக் காட்ட, உப்புக் குவியலைவிட நல்ல இடம் ஏது என்று அதன் மேலேயே பிக்கரை (நிறத்தைத் தொட்டு எடுக்கும் கருவி) வைத்து அழுத்தினேன். உப்பு சுத்தமான வெள்ளையானது, கூடவே காலை ஏழு மணி வெயிலும் காணாமல் போய்விட்டது, ஏதோ ஆபீஸ் டியூப் லைட்டில் எடுத்த மாதிரி. பிக்கரில் வந்த எண்ணிலிருந்து பாதி தூரம் மஞ்சள் பக்கம் திரும்பி வந்தால் சரியாக இருக்கிறது.

அப்புறம் வரப்புகள். டிஎன்ஜியைத் திறந்ததும் ஓரத்து வரப்புகள் வில் மாதிரி வளைந்திருந்தன, மூலைகளும் இருட்டு. ஜேபெக்கில் கேமராவே இதைத் திருத்திவிடுவதால் தெரியாது. லென்ஸ் கரெக்‌ஷனை ஆன் செய்தால் போதும். போனிலேயே முடிக்க நினைப்பவர்களுக்கு ஸ்னாப்சீட் டிஎன்ஜியைத் திறக்கும், ஆனால் நான் அதை அவசரத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

வீடியோ: அந்தப் பெட்டி

ரிசால்வில் புது ப்ராஜெக்ட் திறந்து முதல் கிளிப்பை உள்ளே இழுத்ததும் ஒரு பெட்டி வரும். கிளிப்பின் ஃபிரேம் ரேட்டும் (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது) ப்ராஜெக்ட்டின் ஃபிரேம் ரேட்டும் வேறாக இருக்கிறது, மாற்றவா வேண்டாமா என்று கேட்கும். "சேஞ்ச்", "டோன்ட் சேஞ்ச்" என இரண்டு பட்டன். எதையாவது மாற்றிக் கெடுத்துக்கொள்ள வேண்டாமே என்று டோன்ட் சேஞ்ச் அழுத்தினேன். தவறு அங்கேதான்.

ரிசால்வ் புது ப்ராஜெக்ட்டை 24 ஃபிரேமில் திறக்கிறது. என் டிரோன் எடுத்தது 30, கோப்பில் எழுதியிருப்பது 29.97. முப்பதை இருபத்து நான்கில் அடக்க வேண்டுமென்றால் நொடிக்கு ஆறு ஃபிரேமைத் தூக்கி எறிய வேண்டும், அதாவது ஐந்துக்கு ஒன்று. ஆள் பேசும் வீடியோவில் இது சட்டென்று கண்ணில் படாது. ஆனால் டிரோன் பத்து மீட்டர் உயரத்தில் பாத்திகளைக் குறுக்காகக் கடந்து போகும்போது வரப்புகள் கோடு கோடாக வந்துகொண்டே இருக்கும் இல்லையா, ஒவ்வொரு ஐந்தாவது ஃபிரேமிலும் வரப்பு ஒரு எட்டு தாவும். ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு அது மட்டும்தான் தெரியும்.

நான் முதலில் லேப்டாப்பைத் திட்டினேன். கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தேன். ஆப்டிகல் ஃப்ளோ (இடையில் வர வேண்டிய ஃபிரேமைக் கணித்து நிரப்பும் வசதி) போட்டால் சரியாகும் என்று எங்கோ படித்து அதையும் போட்டேன், வரப்புகள் உருகி நெளிய ஆரம்பித்தன. திண்டிவனத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பி ஒருவரிடம் போனில் புலம்பினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணே, டைம்லைன் எத்தனைல போட்டீங்க?"

டைம்லைன் என்பது கிளிப்புகளை வரிசையாக அடுக்கி வெட்டும் பட்டை. போய் ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் பார்த்தால் 24. மாற்றலாம் என்றால் அந்த இடம் சாம்பல் நிறத்தில் பூட்டிக் கிடக்கிறது, டைம்லைன் உருவான பிறகு மாற்ற விடாது. வழி இதுதான்: கன்ட்ரோல் என் அழுத்திப் புது டைம்லைன் எடுங்கள், கீழே "யூஸ் ப்ராஜெக்ட் செட்டிங்ஸ்" டிக்கை எடுத்துவிடுங்கள், ஃபார்மட் பக்கத்தில் டைம்லைன் ஃபிரேம் ரேட்டை 29.97 ஆக்குங்கள். பழைய டைம்லைனிலிருந்து வெட்டி ஒட்டாமல் நான் முதலிலிருந்தே திரும்ப வெட்டினேன், அதில் இருந்தது எட்டு கிளிப்தானே. நீங்கள் இப்போதுதான் ஆரம்பிக்கிறீர்கள் என்றால் பெட்டி வரும்போது சேஞ்ச் அழுத்துங்கள், முடிந்தது.

இதை மாற்றியும் கொஞ்சம் திக்கினால் எடுத்தபோதே ஷட்டர் வேகம் அதிகமாக இருந்திருக்கும். 30 ஃபிரேமுக்கு 1/60 நொடி பக்கம் இருக்க வேண்டும், வெயிலில் அதற்கு வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் மாட்டித்தான் ஆக வேண்டும். எடிட்டிங்கில் இதற்கு மருந்து இல்லை.

எடிட் செய்யும்போது மட்டும் திக்குவது வேறு விஷயம், அது லேப்டாப் மூச்சு வாங்குவது. பிளேபேக் மெனுவில் டைம்லைன் ஓடும் ரெசல்யூஷனை ஹாஃப் அல்லது குவார்ட்டர் ஆக்குங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கிளிப் மேல் வலது கிளிக், ஜெனரேட் ப்ராக்ஸி மீடியா (எடிட் செய்ய மட்டும் இலகுவான நகல்), ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

வெட்டுவது

ஒவ்வொரு கிளிப்பிலும் முதல் மூன்று நொடியும் கடைசி மூன்று நொடியும் குப்பை, ஸ்டிக்கைத் தொடும் குலுக்கல் அங்கேதான். மிச்சத்தில் நாலைந்து நொடி போதும். நாற்பது நொடி ஒரே பக்கமாகப் போகும் ஷாட் எடுத்தவருக்கு மட்டும்தான் அழகு. அடிவானம் சாய்ந்திருந்தால் இன்ஸ்பெக்டரில் ரொட்டேஷனை அரை டிகிரி, ஒரு டிகிரி திருப்பி, மூலையில் கறுப்பு தெரியாத அளவுக்கு ஜூமை 1.03 மாதிரி ஏற்றுங்கள்.

டிரோன் சத்தத்தைப் பதிவு செய்வதில்லை. பாட்டைப் போட்டு நிரப்புவதைவிட, கீழே நிற்கும்போதே போனில் ஐந்து நிமிடம் பதிவு செய்து வையுங்கள். நீளக் கம்பில் மாட்டிய பலகையால் உப்பை இழுக்கும்போது ஈரமணலை வாருவது போல ஒரு சரசரப்பு வரும். என் வீடியோவில் பலரும் கேட்டது அந்தச் சத்தத்தைப் பற்றித்தான், படத்தைப் பற்றி இல்லை.

நிறம்

கலர் பக்கத்தில் பரேடு ஸ்கோப்பை (சிவப்பு, பச்சை, நீலத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அது 1023 வரை போகும். உப்பின் உச்சி 900க்குக் கொஞ்சம் கீழே நிற்கும்படி கெயினை இறக்குங்கள், நிழலை காமாவில் லேசாகத் தூக்குங்கள். சாச்சுரேஷன் (நிற அழுத்தம்) 50இல் இருக்கும், 55ஐத் தாண்டாதீர்கள். மினி 2 தருவது 8 பிட், அதாவது நிறப் படிகள் குறைவு, ரொம்ப இழுத்தால் வானம் படிக்கட்டு படிக்கட்டாக உடையும். "சினிமா லுக்" என்று விற்கும் லட் (நிறத்தை ஒரே அடியில் மாற்றும் ஆயத்தக் கோப்பு) பொதிகளை வாங்கி ஏமாறாதீர்கள், எல்லாமே ஆரஞ்சும் நீலமும்தான்.

பின்சேர்க்கை: டி-லாக் எம்மில் (பிறகு நிறம் கொடுப்பதற்காக வெளிறலாகப் பதிவாகும் வகை) எடுக்கும் டிரோன் வைத்திருக்கும் ஒருவர், லட் போட்டதும் உப்பு வெள்ளைக் காகிதமாகிறது, குறைத்தால் சாம்பல் காகிதமாகிறது என்று எழுதியிருந்தார். வரிசைதான் சிக்கல். லட் வெளிச்சமான இடங்களை மேலே தள்ளி வெட்டிய பிறகு, அடுத்த நோடில் (திருத்தங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் கட்டம்) எவ்வளவு இறக்கினாலும் வெட்டுப்பட்டது திரும்பாது. முதல் நோடில் எக்ஸ்போஷரும் ஒயிட் பேலன்ஸும், அதற்கு அடுத்த நோடில் லட். லட் ஆன் ஆகியிருக்கும்போதே முதல் நோடுக்குத் திரும்பி வந்து சரிசெய்யுங்கள், உப்பில் மணி மணியாகத் தெரிய ஆரம்பிக்கும்.

வெளியே எடுப்பது

டெலிவர் பக்கம், எம்பி4, எச்.264, 3840க்கு 2160. இலவசப் பதிப்பு இதுவரை தாராளமாகத் தரும். குவாலிட்டியில் "ரெஸ்ட்ரிக்ட் டு" என்பதில் 45000 (அதாவது நொடிக்கு 45 மெகாபிட், 45 எம்பிபிஎஸ்) போடுங்கள், யூடியூப் 30 ஃபிரேம் 4கேவுக்குக் கேட்பது 35 முதல் 45 எம்பிபிஎஸ்தான். ஏற்றியவுடனே பார்த்து மங்கல் என்று பயப்படாதீர்கள், 4கே தரம் தயாராகக் கொஞ்ச நேரம் எடுக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் பாடுபட்டதெல்லாம் பிசிறாகத்தான் போய்ச் சேரும்.

இன்னொரு பின்சேர்க்கை: உபுண்டுவில் ரிசால்வ் இலவசப் பதிப்பு எச்.264 கோப்பைத் திறக்காது, கோப்பு கெட்டுப்போகவில்லை. லினக்ஸ்காரர்கள் கேடென்லைவ் எடிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் முதல் கிளிப் போட்டதும் ப்ரொஃபைலை (அளவும் ஃபிரேம் ரேட்டும்) மாற்றவா என்று ஒரு பெட்டி வரும், தயவுசெய்து படித்துவிட்டு அழுத்துங்கள்.