சரிவான முற்றத்தில் மினி டிராக்டரைக் கொண்டு டிரெய்லரை நகர்த்தும் முறை

ஏற்காட்டுத் தோட்டங்களில் மழைக்காலம் முழுவதும் காபிக் களத்தின் ஓரத்திலேயே நின்றுவிடும் இரண்டு சக்கர டிரெய்லரை, நவம்பரில் பழம் பறிக்கத் தொடங்குவதற்கு முன் அங்கிருந்து அப்புறப்படுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் காபி உலர்த்த இடம் போதாது. பெரிய டிராக்டரைத் திருப்பும் அளவுக்கு இங்கே பல முற்றங்களில் அகலம் கிடையாது. அதைச் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வரவழைப்பதும் இந்தச் சிறு வேலைக்குத் தகாத செலவு. ஆகவே, மருந்து தெளிப்பதற்காக வாங்கிய 15 முதல் 20 குதிரைத்திறன் கொண்ட மினி டிராக்டரே இந்த வேலைக்கும் வந்து நிற்கிறது. அது இழுக்குமா என்று பலரும் கேட்கிறார்கள். காலி டிரெய்லரைத் தாராளமாக இழுக்கும். சரிவில் அதைப் பிடித்து நிறுத்துமா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

மினி டிராக்டரின் எடை பெரும்பாலும் ஒரு டன்னுக்குள் அடங்கிவிடும். 10 அடி நீளத்துக்கு 1 அடி இறங்கும் சரிவில், 1,000 கிலோ எடையுள்ள டிரெய்லர் சுமார் 100 கிலோ விசையுடன் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். சாதாரண டிரெய்லர்களில் பிரேக் இராது என்பதால், அந்த விசை முழுவதையும் டிராக்டரின் பின் சக்கரங்கள் இரண்டுமே தாங்க வேண்டும். சரிவைக் கண்ணால் மதிப்பிடக்கூடாது. மலையில் பழகிய கண்ணுக்குச் சரிவும் சமதரையாகவே தெரியும். 10 அடி நீளமுள்ள நேரான சட்டம் ஒன்றைத் தரையில் வைத்து, அதன்மேல் ரசமட்டத்தை வைத்து, தாழ்ந்த முனையைத் தூக்கி மட்டம் பார்த்தால், அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி சரிவைச் சொல்லிவிடும். இடைவெளி ஒரு அடியைத் தாண்டினால் நான் மினி டிராக்டரைப் பயன்படுத்துவதில்லை. டிரெய்லரின் மொத்த எடை டிராக்டரின் எடையை மிஞ்சக்கூடாது என்பதும் நானே வைத்துக்கொண்ட வரம்பு. உங்கள் டிராக்டரின் கையேட்டில் இதைவிடக் குறைந்த அளவு குறிப்பிடப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

அடுத்தது பாரம் அமைந்திருக்கும் விதம். மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற சொற்களை விளக்க வேண்டியதில்லை. வண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்குவதைப்போல, ஒற்றை அச்சு டிரெய்லரில் பின்பாரம் ஏறினால் அதன் முன்தண்டு டிராக்டரின் பின்புறத்தை மேலே தூக்கும். அப்போது பின் சக்கரங்கள் தரையை அழுத்தாமல் வழுக்கும். பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் பயன் இராது. முன்பாரம் அளவுக்கு மிஞ்சினால், மேடு ஏறும்போது டிராக்டரின் முன் சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பி ஸ்டியரிங் வேலை செய்யாமல் போகும். எனவே பெட்டிக்குள் கிடக்கும் பொருள்களை இறக்கிவிடுவதே நல்லது. முடியாதபோது, அவற்றை அச்சுக்குச் சற்றே முன்னால் வரும்படி அடுக்க வேண்டும்.

மாதக்கணக்கில் நின்ற வண்டியை உடனே இழுக்கக்கூடாது. டயரில் காற்று பிடித்து, சக்கர நட்டுகளை முறுக்கிப் பார்த்து, பேரிங்குக்குக் கிரீஸ் வைத்த பிறகு, பெட்டியின் அடிப்பக்கத்தையும் குனிந்து பார்ப்பது அவசியம், ஏனென்றால் குளவிக்கு அதைவிட வசதியான இடம் இந்த மலையில் கிடையாது. சக்கரம் செம்மண்ணில் புதைந்திருந்தால், இழுக்க வேண்டிய பக்கமாகச் சாய்வாக மண்ணை வெட்டி எடுத்துப் பலகை போட வேண்டும். டிராக்டரை உதறி உதறி இழுத்தால் கொக்கிதான் முதலில் வளையும்.

டிரெய்லரை டிராக்டரின் தாழ்ந்த இழுதண்டில் மட்டுமே மாட்ட வேண்டும். உயரம் ஒத்துவருகிறது என்பதற்காக டாப் லிங்க் (கலப்பை போன்ற கருவிகளை மேலே பிடித்திருக்கும் தண்டு) பொருத்தும் இடத்தில் சங்கிலி கட்டி இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பின் அச்சுக்கு மேலே இழுவிசை விழுந்தால், டிராக்டர் தன் பின் சக்கரங்களையே ஆதாரமாகக் கொண்டு பின்பக்கமாகக் கவிழக்கூடும். ஓட்டுபவர் சுதாரிப்பதற்குள் அது நடந்து முடிந்துவிடும். டிரெய்லரை மாட்டும் ‘பின்’ என்ற இரும்பு ஆணி, துளைக்குப் பொருந்திய தடிமனில் இருக்க வேண்டும். கீழே பூட்டு ஊசி போட வேண்டும். கட்டுக்கம்பி அதற்கு மாற்றாகாது. வயலில் திரும்புவதற்காகப் பிரித்து வைத்திருக்கும் இடது, வலது பிரேக் பெடல்களைக் கொண்டியால் ஒன்றாக இணைத்துவிட வேண்டும். இதை மறந்து சரிவில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால், டிராக்டர் அந்தப் பக்கமாக வெட்டித் திரும்ப, பின்னால் வரும் டிரெய்லர் அதன்மேல் மோதி மடங்கும்.

சரிவில் நேராக ஏற வேண்டும், நேராகவே இறங்க வேண்டும், குறுக்கே திரும்பக்கூடாது. தாழ்ந்த கியரை மேட்டிலேயே போட்டுக்கொண்டு, இறங்கும்போது கிளட்சைத் தொடாமல், இன்ஜினே வேகத்தைப் பிடிக்கும்படி விட வேண்டும். நான்கு சக்கர இயக்கம் உள்ள டிராக்டர் என்றால் அதையும் சேர்த்துவிட்டால், இன்ஜினின் பிடிப்பு முன் சக்கரங்களுக்கும் கிடைக்கும். மழை பெய்த மறுநாள், பாசி படிந்த சிமெண்டுக் களத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாமல் இரண்டு நாள் வெயிலுக்குக் காத்திருப்பது உத்தமம்.

பலரும் திணறுவது ரிவர்ஸ் எடுப்பதில்தான். ஸ்டியரிங்கை மேலே பிடிக்காமல், அதன் அடிப்பகுதியில் ஒரு கையை வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லரின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமாகவே கையை நகர்த்தினால் போதும். இடம் வலம் குழம்பாது. கையைக் கொஞ்சமாக நகர்த்தி, வண்டி பதில் சொல்வதைப் பார்த்த பிறகு, டிராக்டரையும் அதே வளைவில் பின்தொடரச் செய்வதற்காகக் கையை எதிர்ப்பக்கம் மெல்லக் கொண்டுவர வேண்டும். கொக்கிக்கும் அச்சுக்கும் இடையே தூரம் குறைந்த குட்டை டிரெய்லர் நீளமானதைவிட வேகமாக ஒடியும், அதாவது கொக்கியில் மடங்கி டிராக்டரின் பக்கமாகத் திரும்பிவிடும். மினி டிராக்டருக்கு வாய்ப்பது பெரும்பாலும் இந்த வகைதான். ஒடிந்துவிட்டால் பின்னோக்கியே சரிசெய்ய முயல்வது வீண். முன்னால் ஒரு வண்டி நீளம் இழுத்து நேராக்கிக்கொண்டு மறுபடி தொடங்க வேண்டும். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நிறுத்த வேண்டியிருந்தால், மூன்று நான்கு முறை முன்னே போய் வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முற்றம் சமதரையாக இருந்தால், டிராக்டரின் முன்புறச் சட்டத்தில் ஒரு கொக்கியைப் பொருத்தி, டிரெய்லரை முன்னால் தள்ளிக்கொண்டு போவது இன்னும் எளிது. கழுத்தைத் திருப்பாமலே எல்லாம் கண்ணுக்கு முன்னால் நடக்கும். முன் அச்சு பெரிய பாரத்துக்காகச் செய்யப்பட்டதன்று என்பதால் இது காலி வண்டிக்கு மட்டுமே பொருந்தும்.

உதவிக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். டீசல் இன்ஜின் சத்தத்தில் ‘வரலாம் வரலாம்’ என்பதும் ‘நிறுத்து’ என்பதும் ஒன்றுபோலவே கேட்கும் என்பதால், கைச் சைகைகளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அவர் கண்ணில் படாத நொடியிலேயே ஓட்டுபவர் நிறுத்திவிட வேண்டும். கொக்கியை மாட்டும்போதுகூட, டிராக்டர் அசைவற்று நின்று கைப்பிரேக் போட்ட பிறகே அவர் இடையில் போகலாம்.

கழற்றும்போதுதான் நான் ஒருமுறை தவறினேன். சக்கரத்தின் கீழ்ப்பக்கம் கையில் கிடைத்த உருண்டைக் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னை உருவினேன். கல் பாசியில் வழுக்க, டிரெய்லர் தானாக இறங்கிப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் சுவரை இடித்து நின்றது. அதன் பிறகு, சக்கரத்தின் வளைவுக்கு ஏற்றாற்போல் ஆப்பு வடிவில் அறுத்த இரண்டு மரக்கட்டைகளை டிராக்டரிலேயே கட்டி வைத்திருக்கிறேன். முதலில் இரண்டு சக்கரங்களுக்கும் கீழ்ப்பக்கமாகக் கட்டையை வைத்து, டிராக்டரை ஓரிரு அங்குலம் தளர்த்தி, டிரெய்லர் கட்டையின்மேல் அழுந்தி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு முன்தண்டின் ஸ்டாண்டை இறக்கி, அது பாரத்தைத் தாங்கிக்கொண்டதை உறுதிசெய்துவிட்டே பின்னில் கை வைக்க வேண்டும். பின் இறுகி வர மறுத்தால் சுத்தியலை எடுக்காதீர்கள். விசை இன்னும் அதன்மேல் இருக்கிறது என்று பொருள். பெட்டியில் பின்பாரம் இருந்தால் பின் வெளிவந்த கணமே முன்தண்டு மேலே எகிறும் என்பதால், முகத்தை அதற்கு நேர் மேலே கொண்டுபோகாமல் பக்கவாட்டில் நின்று உருவ வேண்டும். கடைசியாக, மழைநீர் பின்கதவு வழியாக வடியும்படி முன்பக்கத்தை ஸ்டாண்டில் ஒரு சாண் உயர்த்திவிட்டு, ஸ்டாண்டு மண்ணில் இறங்காமல் இருக்க அதன் அடியில் ஒரு பலகைத் துண்டை வைக்க வேண்டும்.