கறுப்புத் திரையோடு மல்லுக்கட்ட வேண்டாம்: பில்ட்ரூட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ மாதிரி ஒரு சின்ன போர்டை ஆன் செய்தால், டெஸ்க்டாப் எதுவும் இல்லாமல், சில நொடிகளில் உங்கள் கிராபிக்ஸ் நிரல் மட்டும் திரையில் வந்து நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு பில்ட்ரூட், அதாவது இப்படிப்பட்ட கருவிக்கென ஒரு சிறிய லினக்ஸ் அமைப்பைக் கட்டித் தரும் கருவித்தொகுப்பு, அருமையான வழி. லினக்ஸ் கெர்னல், அடிப்படைக் கட்டளைகளுக்கு பிசிபாக்ஸ், கிராபிக்ஸுக்கு மெசா, உங்கள் நிரல், அவ்வளவுதான். ஆனால் எங்கே சறுக்கினாலும் கண்ணுக்குத் தெரிவது ஒரே கறுப்புத் திரைதான். கெர்னல் எழவில்லையா, டிரைவர் ஏறவில்லையா, நிரல் பாதியில் விழுந்துவிட்டதா என்று திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

அதனால்தான் சீரியல் கன்சோல் (கேபிள் வழியே போர்டின் பூட் செய்திகளைக் கணினியில் படிக்கும் வழி) இல்லாமல் தொடங்குவதை முதல் தவறு என்கிறேன். யூஎஸ்பி சீரியல் கேபிள் ஒன்று வாங்குங்கள், ஆனால் 3.3 வோல்ட் கேபிளாகப் பார்த்து வாங்குங்கள், 5 வோல்ட் சிக்னல் பையின் பின்னைக் கெடுத்துவிடும். போர்டின் டிஎக்ஸ் (அனுப்பும் பின்) கேபிளின் ஆர்எக்ஸுக்கு (பெறும் பின்) போக வேண்டும். லாகின் கேட்கும் வரி சீரியலில் வந்த பிறகு கிராபிக்ஸைத் தொடுங்கள்.

அடுத்தது, பலரை நாள்கணக்கில் அலையவிடும் விஷயம். பை கெர்னலின் வழக்கமான அமைப்பில் விசி4 என்ற திரை டிரைவர் மாட்யூலாகத்தான், அதாவது தேவைப்படும்போது ஏற்றும் தனிக் கோப்பாகத்தான், கட்டப்படுகிறது. பில்ட்ரூட்டிலோ டிவைஸ் கோப்புகளைக் கவனிக்கும் முறை இயல்பாக வெறும் டெவ்டிஎம்பிஎஃப்எஸ். அது கோப்பை உருவாக்கும், மாட்யூலைத் தானாக ஏற்றாது. விளைவு, நிரல் திரையை அணுகும் /டெவ்/டிஆர்ஐ அடைவே இருக்காது. கையால் மாட்ப்ரோப் கட்டளை கொடுத்து மாட்யூலை ஏற்றினால் எல்லாம் ஓடும், மறுபடி பூட் செய்தால் பழையபடி கறுப்பு. மாட்யூலைத் தானாக ஏற்றும் இயூடெவ்வைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் டிரைவரைக் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டுங்கள். தொடுதிரைக்கு லிப்இன்புட் நூலகம் வேண்டுமென்றால் அதற்கும் யூடெவ் தேவை (இயூடெவ் அதன் ஒரு வடிவம்), அதனால் என் ஓட்டு இயூடெவ்வுக்கே. பூட் பார்ட்டிஷனில் உள்ள கன்ஃபிக் கோப்பில் விசி4-கேஎம்எஸ்-வி3டி ஓவர்லே வரி (அந்தத் திரை டிரைவரை இயக்கச் சொல்லும் அமைப்பு) இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் இதில் எதுவுமே நடக்காது.

பழைய வழிகாட்டிகளை நம்பி டிஸ்ப்மேன்எக்ஸ் பக்கம் போகாதீர்கள். அது பிராட்காமின் பழைய மூடிய டிரைவர் காலத்து வழி. இன்றைக்குத் திரையைக் கையாளும் டிஆர்எம், படத்துக்கு இடம் ஒதுக்கும் ஜிபிஎம், இவற்றை வரையும் நிரலோடு இணைக்கும் இஜிஎல், இவற்றின் மேல் வரைவதற்கு ஓப்பன்ஜிஎல் இஎஸ் 2.0, இதுதான் பாதை. சொந்த நிரலை ஓட்டும் முன் கேஎம்எஸ்கியூப் என்ற சோதனை நிரலை ஓட்டிப் பாருங்கள், கனசதுரம் சுழன்றால் கீழ்த்தளம் சரி. சுழல்கிறது, ஆனால் தடுமாறுகிறது என்றால் ரெண்டரர் (வரையும் டிரைவர்) பெயரைப் பாருங்கள். விசி4 என்று வர வேண்டும். எல்எல்விஎம்பைப், சாஃப்ட்பைப் என்று வந்தால் வரைவது உங்கள் சிபியூ. மெசாவில் விசி4 டிரைவரை டிக் செய்ய மறந்திருப்பீர்கள்.

நினைவகத்தில் ஒரு பழைய பழக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. படம் வேகமாக வரும் என்று ஜிபியூவுக்கு நினைவகம் ஒதுக்கும் ஜிபியூ_மெம் அமைப்பை 256 எம்பி ஆக்குவார்கள். விசி4 கேஎம்எஸ் டிரைவர் அந்தப் பகுதியைப் படங்களுக்குப் பயன்படுத்துவதே இல்லை, இருக்கும் 512 எம்பியில் பாதி வீணாகப் போகும். இந்தச் சிப்பின் முப்பரிமாணப் பகுதிக்கு எம்எம்யூ (சிதறிய நினைவகத்தை ஒன்றாகக் காட்டும் பகுதி) கிடையாது, அதனால் டெக்ஸ்சர்கள் தொடர்ச்சியான நினைவகத்தில், அதாவது கெர்னல் அதற்கென ஒதுக்கும் சிஎம்ஏவில்தான் உட்கார வேண்டும். இடம் போதவில்லை என்று கெர்னல் லாக் சொன்னால் ஓவர்லே வரியோடு சிஎம்ஏ அளவைச் சேர்த்து அதைக் கூட்டுங்கள்.

அப்புறம் பில்ட்ரூட்டையே தவறாகக் கையாள்வது. அவுட்புட்/டார்கெட் அடைவுக்குள் கையால் கோப்பு திருத்தாதீர்கள், அடுத்த சுத்தமான பில்டில் எல்லாம் காணாமல் போகும். இது உன் ரூட் ஃபைல்சிஸ்டம் இல்லை என்று சொல்லும் பெயரோடு ஒரு கோப்பையே அதற்குள் போட்டு வைத்திருக்கிறார்கள். உங்கள் கோப்புகளுக்கு ரூட்எஃப்எஸ் ஓவர்லே (இமேஜின் மேல் நகலெடுக்கப்படும் உங்கள் சொந்த அடைவு) இருக்கிறது. ஒரு பேக்கேஜை டிக் எடுத்தால் அதன் கோப்புகள் போய்விடும் என்று நினைக்க வேண்டாம், மேக் கிளீன் கொடுக்கும்வரை அங்கேயே கிடக்கும். சி நூலகத்தை யூசிலிப்சியிலிருந்து கிளிப்சிக்கு மாற்றினாலும் முழுதாகக் கட்டியே ஆக வேண்டும். நேரம் ஆகும், பரவாயில்லை, பாதிப் பழசும் பாதிப் புதுசுமாகக் கட்டிய இமேஜில் பிழை தேடுவதற்கு அது எவ்வளவோ மேல். வேலை செய்யும் அமைப்பு கிடைத்த உடனே மேக் சேவ்டெஃப்கன்ஃபிக் கொடுத்து அமைப்பைச் சேமித்து கிட்டில் போட்டுவிடுங்கள்.

கடைசியாக மின்சாரம். இப்படிப்பட்ட கருவியை யாரும் ஷட்டவுன் செய்ய மாட்டார்கள், பிளக்கைத்தான் பிடுங்குவார்கள். எழுதக்கூடிய எக்ஸ்ட்4 ரூட் ஃபைல்சிஸ்டத்தோடு அதைக் கொடுத்தால் என்றைக்காவது ஒருநாள் எஸ்டி கார்டு கெட்டு நிற்கும். ரூட்டைப் படிக்க மட்டும் முடிகிற ஸ்குவாஷ்எஃப்எஸ் ஆக்குங்கள், சேமிக்க வேண்டிய சில கோப்புகளுக்கு மட்டும் தனிப் பார்ட்டிஷன் கொடுங்கள், லாக் எல்லாம் ரேமில் இயங்கும் டிஎம்பிஎஃப்எஸ்ஸில் இருக்கட்டும். பிறகு நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே இருபது முப்பது தடவை பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள், சீரியல் கேபிளைக் கழற்றாமல்.