பவுண்டேஷன் வழியாக பிசினஸ் டிகிரி: கடலூரிலிருந்து பிரிட்டனுக்கு, படிப்படியாக

என் தம்பி கடலூரில் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவன். காமர்ஸ் குரூப். 2025 மார்ச்சில் பிளஸ் டூ எழுதினான். இப்போது இங்கிலாந்தில் பவுண்டேஷன், அதாவது டிகிரிக்கு முந்தைய தயாரிப்புப் படிப்பு, படிக்கிறான். வருகிற செப்டம்பரில் பிசினஸ் மேனேஜ்மென்ட் முதலாம் ஆண்டில் சேர வேண்டும். நியாயமாகப் பார்த்தால் போன செப்டம்பரிலேயே அவன் பவுண்டேஷனில் சேர்ந்திருக்க வேண்டும். ஒரே ஒரு தேர்வைத் தவறான வகையில் எழுதியதால் ஜனவரிக்குத் தள்ளிப்போனது. அந்தக் காத்திருப்பில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் விதிமுறைப் பக்கத்தையும் வரிவரியாகப் படித்தேன். நம் ஊரிலிருந்து அடுத்துப் போகிற பிள்ளைகளுக்கு அந்த நான்கு மாதம் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பாஸ்போர்ட் எடுப்பது, சான்றிதழ் ஸ்கேன் செய்வது போன்றவை தெரிந்திருக்கும் என்று விட்டுவிடுகிறேன்.

படி 1: பவுண்டேஷன் உங்களுக்குத் தேவையா?

பலருக்குத் தேவையே இல்லை. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் இருந்தால் பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் நேராக முதலாம் ஆண்டிலேயே எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் சிபிஎஸ்இ, ஐஎஸ்சி மாணவர்களுக்கு ஒரு குறிப்பிட்ட சதவீதமும், மாநில வாரியங்களுக்கு அதைவிட 5 அல்லது 10 கூடுதலாகவும் கேட்பார்கள். அதை எட்டாதவர்களுக்குத்தான் ஓராண்டு பவுண்டேஷன்.

சதவீதம் போடுவதிலேயே ஒரு சிக்கல் உண்டு. நாம் 600-க்கு எவ்வளவு என்று பார்ப்போம். அவர்களில் பலர் முக்கியப் பாடங்களை மட்டும் எடுத்து, மொழிப் பாடங்களை விட்டுவிடுவார்கள். தம்பியின் மதிப்பெண்ணையே சொல்கிறேன்: தமிழ் 88, ஆங்கிலம் 74, கணக்குப்பதிவியல் 61, வணிகவியல் 70, பொருளியல் 72, கணினிப் பயன்பாடுகள் 85. மொத்தம் 450, அதாவது 75 சதவீதம். முக்கியப் பாடம் நான்கை மட்டும் கூட்டினால் 400-க்கு 288, வெறும் 72. தமிழும் ஆங்கிலமும் கொடுத்த மூன்று சதவீதம் கணக்கிலிருந்து போய்விட்டது. நீங்களும் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்து, குறைவான எண்ணை வைத்துத் தேடுங்கள்.

நேரடியாகச் சேரத் தகுதி இருக்கிற பிள்ளையையும் பவுண்டேஷனுக்கு அனுப்பப் பார்க்கிற ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். ஒரு வருஷக் கட்டணம் என்பது லட்சக்கணக்கில் போகிற பணம். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பக்கத்தில், என்ன சதவீதம் என்று திரையில் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பதினொன்றாம் வகுப்பு முடித்ததும் பிளஸ் டூவை விட்டுவிட்டுப் பவுண்டேஷன் போகலாமா என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். வேண்டாம். நாளைக்குத் திரும்பி வந்து இங்கே மேற்படிப்போ அரசு வேலையோ என்றால் முதலில் கேட்கப்படுவது பிளஸ் டூ சான்றிதழ்தான்.

படி 2: கடைசிக் கதவை முதலில் பாருங்கள்

பவுண்டேஷனில் சேரத் தேவையான தகுதி வேறு, அதை முடித்து டிகிரிக்குள் போகத் தேவையான தகுதி வேறு. முதல் கதவு சுலபமாகத் திறக்கும். இரண்டாவது அப்படி இல்லை. அதனால் டிகிரியின் பக்கத்தைத் திறந்து, பவுண்டேஷன் மாணவர்களிடம் என்ன கேட்கிறார்கள் என்பதை முதலில் எழுதி வையுங்கள். அதற்குப் பொருந்துகிற பவுண்டேஷனைத் தேடுவது அதற்கப்புறம்.

பவுண்டேஷனில் இரண்டு வகை உண்டு. ஒன்று, டிகிரியோடு சேர்ந்தே நான்கு வருஷமாக வருவது. அதற்கு பிரிட்டன் பல்கலைக்கழகங்களின் பொது விண்ணப்பத் தளமான யூகாஸ் வழியாக ஒரே விண்ணப்பம். இன்னொன்று, பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் தனி சர்வதேசக் கல்லூரி நடத்துவது. அதில் முடித்த பிறகு தனியாக டிகிரிக்கு ஏற வேண்டும். தம்பி இரண்டாவது வகை. கூட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி என்று கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். 'நிபந்தனைகளை நிறைவு செய்தால்' என்பது அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது.

அந்த நிபந்தனை பெரும்பாலும் மொத்தச் சராசரி இவ்வளவு, ஆங்கிலப் பாடத்தில் இவ்வளவு, கணக்கில் இவ்வளவு என்று மூன்றாகப் பிரிந்திருக்கும். ஒன்றில் குறைந்தாலும் சிக்கல்தான். 60 என்று பார்த்ததும் அப்பா, "அறுபதுதானே, தாண்டிருவான்" என்றார். நம் ஊர் அறுபது வேறு, அந்த ஊர் அறுபது வேறு. அங்கே 40 பாஸ், 70 வாங்கினால் முதல் வகுப்பு. 60 வாங்கக் கட்டுரையைச் சொந்தமாக யோசித்து எழுத வேண்டும், மனப்பாடம் கைகொடுக்காது. வீட்டில் இதை முன்கூட்டியே பேசிவிடுவது பிள்ளைக்கு நல்லது.

படி 3: கணக்கு

பிசினஸ் டிகிரிக்கு அவர்கள் ஜிசிஎஸ்இ (அந்த ஊர்ப் பள்ளித் தேர்வு) கணக்கில் தேர்ச்சி கேட்பார்கள். நம் பிள்ளைகளுக்கு அதற்கு ஈடாகப் பத்தாம் வகுப்புக் கணக்கு மதிப்பெண்ணைத்தான் பல இடங்களில் எடுத்துக்கொள்கிறார்கள். பிளஸ் டூ சான்றிதழை மட்டும் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள், பத்தாவதையும் சேர்த்து அனுப்புங்கள். தொலைந்திருந்தால் டிஜிலாக்கரில் தேடிப் பாருங்கள்.

அக்கவுன்டிங் அண்ட் ஃபைனான்ஸ், பொருளியல் என்று போனால் பத்தாம் வகுப்புக் கணக்கு போதாமல் போகலாம். பிளஸ் டூவில் கணக்கு எடுக்காதவர்கள் பவுண்டேஷனில் கணக்குப் பாடம் இருக்கிற பிரிவாகப் பார்த்துச் சேருங்கள். தம்பி கணிதம் இல்லாமல் கணினிப் பயன்பாடுகள் எடுத்தவன். பவுண்டேஷனில் கணக்கு வேண்டாம் என்றுதான் அடம்பிடித்தான். நான் எடுக்க வைத்தேன். பிசினஸ் மேனேஜ்மென்ட் சலித்து ஃபைனான்ஸ் பக்கம் மனசு போனால் வழி மூடியிருக்கக் கூடாது இல்லையா?

படி 4: ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு, எங்களுக்கு நான்கு மாதம் போன இடம்

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

புதுச்சேரியில் ஒரு கன்சல்டன்சியில், "ஐஈஎல்டிஎஸ் அகாடமிக் எழுதுங்க, போதும்" என்றார்கள். தம்பி சென்னைக்குப் போய் எழுதி 6 வாங்கினான். வீட்டில் கேசரி கிண்டினோம். இரண்டு வாரம் கழித்துக் கல்லூரியிலிருந்து மெயில்: மதிப்பெண் போதுமானது, ஆனால் தேர்வு செல்லாது, 'ஐஈஎல்டிஎஸ் ஃபார் யூகேவிஐ' எழுதியிருக்க வேண்டும்.

இரண்டிலும் வினாத்தாளின் அமைப்பு ஒன்றேதான். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்ற நான்கு பகுதிகளும் ஒன்றேதான். யூகேவிஐ என்பது பிரிட்டனின் விசா, குடியேற்றப் பிரிவு; அந்த வகை பிரிட்டன் உள்துறை அங்கீகரித்த பாதுகாப்பு விதிகளோடு நடத்தப்படுகிறது, கட்டணம் கூடுதல், அறிக்கையில் யூகேவிஐ எண் என்று தனியாக ஒன்று இருக்கும். அந்த எண் இல்லையென்றால் பவுண்டேஷன் விசாவுக்கு அந்தத் தாளால் பயனில்லை.

ஏன் இப்படி என்பது பிறகுதான் புரிந்தது. டிகிரி நிலைப் படிப்பு என்றால் மாணவரின் ஆங்கிலத்தைப் பல்கலைக்கழகமே மதிப்பிட்டுக்கொள்ள விசா விதி அனுமதிக்கிறது. அதனால்தான் டிகிரிக்கு நேராகப் போன பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சாதாரண ஐஈஎல்டிஎஸ் போதுமானதாக இருந்தது. சிலருக்குப் பிளஸ் டூ ஆங்கில மதிப்பெண்ணே போதும். தனியாக நடக்கும் பவுண்டேஷன் டிகிரிக்குக் கீழ்நிலைப் படிப்பு. அதற்கு அங்கீகரித்த பாதுகாப்பான தேர்வுதான் வேண்டும். விசாவுக்கான குறைந்தபட்சம் பி1 நிலை, அதாவது நான்கு பகுதியிலும் தலா 4.0. கல்லூரி அதைவிடக் கூடுதலாகக் கேட்கும்.

கல்லூரிக்கு அனுப்பும் முதல் மெயிலிலேயே இரண்டு கேள்வி கேளுங்கள். பவுண்டேஷனுக்கும் டிகிரிக்கும் சேர்த்து ஒரே சிஏஎஸ் (விசாவுக்காகக் கல்லூரி தரும் சேர்க்கை உறுதி) தருவீர்களா, தனித்தனியாகவா? எந்தத் தேர்வை, எந்தப் பெயரில் எழுத வேண்டும்? பதில் எழுத்தில் வரட்டும். போனில் சொன்னதை நம்பி பணம் கட்டாதீர்கள்.

பதிவுப் பக்கத்தில் ஒன்றுபோலத் தெரிகிற பெயர்கள் அடுத்தடுத்து இருக்கும். 'ஐஈஎல்டிஎஸ்', 'ஐஈஎல்டிஎஸ் ஃபார் யூகேவிஐ', 'லைஃப் ஸ்கில்ஸ்'. மூன்றாவது குடும்ப விசாக்காரர்களுக்கு, பேசுதலும் கேட்டலும் மட்டும்தான் இருக்கும், அதைத் தொடாதீர்கள். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்த பிறகு உள்ளே 'அகாடமிக்' என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பணம் கட்டும் முன் அந்தத் திரையை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் கல்லூரிக்கே அனுப்பிக் கேளுங்கள். நாங்கள் இரண்டாம் முறை அப்படித்தான் செய்தோம். அடுத்த நாளே சரி என்று பதில் வந்தது.

இரண்டாம் தேர்வின் முடிவு வருவதற்குள் செப்டம்பர் பேட்சுக்கு சிஏஎஸ் தருகிற கடைசித் தேதி போய்விட்டது. முடிவு இரண்டாண்டு செல்லும் என்பதால், பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு எழுதி வைத்துவிடுவது நல்லது. கணினியிலேயே எழுதுங்கள். கையெழுத்துப் பயம் இல்லை, எத்தனை சொல் எழுதினோம் என்று திரையிலேயே தெரியும்.

படி 5: யூகாஸ்

பவுண்டேஷன் மதிப்பெண் வருவதற்கு முன்பே டிகிரிக்கு விண்ணப்பிக்க வேண்டும். கூட்டுப் பல்கலைக்கழகம் மட்டும் போதும் என்றால் கல்லூரியின் உள்படிவமே போதும். வேறு இடங்களையும் பார்க்க வேண்டுமென்றால் யூகாஸ்தான். ஐந்து இடம் வரை போடலாம். 2026 சேர்க்கைக்குக் கடைசி நாளாக இருந்தது ஜனவரி 14, பிரிட்டன் நேரம் மாலை 6 மணி, நமக்கு இரவு 11.30. ஜனவரி பேட்ச்காரர்கள் அப்போதுதான் போய் இறங்கியிருப்பார்கள், வங்கிக் கணக்கு, அறை என்று அலைந்துகொண்டிருப்பார்கள். தம்பி விமானம் ஏறுவதற்கு முன்பே நாங்கள் வீட்டிலிருந்தே முடித்துவிட்டோம். தேதி போய்விட்டாலும் ஜூன் 30 வரை போடலாம், ஆனால் இடம் மிச்சம் இருந்தால்தான். ஜனவரி பேட்சுக்கு இறுதி மதிப்பெண் ஆகஸ்ட் கடைசி வாக்கில்தான் வரும். அதுவரை எல்லாரும் காத்திருக்க மாட்டார்கள் என்பதால், ஜனவரி பேட்சை ஏற்கிறார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

2026 சேர்க்கையிலிருந்து தன்விளக்கக் கட்டுரை மூன்று கேள்விகளாக மாறிவிட்டது. ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தது எப்படித் தயார்ப்படுத்தியது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய். ஒவ்வொன்றிலும் குறைந்தது 350 எழுத்து, மொத்தம் 4000, இடைவெளியையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். கூகுள் டாக்ஸில் எழுதி எண்ணிப் பார்த்து ஒட்டுங்கள், யூகாஸ் பெட்டிக்குள் நேராக எழுதாதீர்கள்.

தம்பி முதலில் எழுதியது எந்த மாணவன் பெயரையும் மேலே போடலாம் போல இருந்தது. கிழித்துப் போடச் சொல்லிவிட்டு, "நம்ம வீட்டு யாவாரத்த எழுதுடா" என்றேன். 2011 டிசம்பரில் தானே புயல் கரையேறியபோது பண்ருட்டிப் பக்கம் எங்கள் முந்திரித் தோப்பு விழுந்தது. அப்பா விவசாயத்தை விட்டு முந்திரிக்கொட்டை வாங்கி விற்கும் தொழிலுக்கு வந்தார். பிளஸ் ஒன்னிலிருந்து தம்பிதான் சீசன் கணக்கு நோட்டு எழுதினான். எந்த வாரம் வாங்கினால் விலை இறங்கும், ஈரக்கொட்டையை மூட்டை போட்டால் எடை எவ்வளவு குறையும், முன்பணம் கொடுத்த இடத்தில் சரக்கு வராவிட்டால் என்ன ஆகும் என்று எழுதினான். முதல் கேள்விக்கும் மூன்றாம் கேள்விக்கும் அதுவே பதிலாக அமைந்தது.

யூகாஸ் கணக்கைப் பிள்ளையின் சொந்த மெயிலில் திறங்கள். கன்சல்டன்சி மெயிலில் திறக்க விடாதீர்கள், கடிதங்கள் உங்கள் கண்ணுக்கே வராமல் போகும். பரிந்துரை எழுதும் ஆசிரியருக்குப் பள்ளியின் பெயரில் இருக்கும் மெயில் முகவரி கேளுங்கள்.

வாசகர்கள் கேட்டதும், பிறகு சேர்த்ததும்

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருவர் இனிஷியல் பற்றிக் கேட்டார். நம் மார்க்‌ஷீட்டில் 'பிரபு எஸ்' என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் பெயர் பிரபு, குடும்பப் பெயர் சுந்தரம் என்று இருக்கும். ஐஈஎல்டிஎஸ், யூகாஸ் இரண்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடுங்கள். இரண்டும் ஒரே ஆள் என்று நோட்டரியிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்கி மார்க்‌ஷீட்டோடு இணைத்துவிடுங்கள். மஞ்சக்குப்பத்தில் அரைநாள் வேலை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால், எல்லாவற்றுக்கும் முன்னால் புதுச்சேரி பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் அதைச் சரிசெய்யுங்கள்.

புதுச்சேரி அரசுப் பள்ளிப் பெற்றோர் ஒருவர், இப்போது அங்கே சிபிஎஸ்இ வந்துவிட்டதே, எந்தக் கணக்கு எடுப்பது என்று கேட்டிருந்தார். பத்தாம் வகுப்பில் ஸ்டாண்டர்டு, குறியீடு 041. பேசிக், குறியீடு 241. பிசினஸ் படிப்புக்கு வெளிநாடு போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் ஸ்டாண்டர்டு எடுக்கச் சொல்லுங்கள். பேசிக்கை எல்லாரும் ஏற்பதில்லை. பதினொன்றிலும் அப்ளைடு கணக்கு வேறு, சாதாரணக் கணக்கு வேறு என்று பிரித்துப் பார்க்கிற பல்கலைக்கழகங்கள் உண்டு.

பவுண்டேஷன் கட்டணம் 5,760 பவுண்டு என்று இணையத்தில் பார்த்ததாக இருவர் எழுதினார்கள். அது 2025-26 முதல் இங்கிலாந்தின் உள்நாட்டு மாணவர்களுக்கு, வகுப்பறைப் பாடங்களுக்கு அரசு வைத்த உச்சவரம்பு. பிசினஸ் அதில் வரும், ஆனால் நாம் வர மாட்டோம். நமக்குச் சர்வதேசக் கட்டணம், அதைவிட மிக அதிகம். கடன் கேட்க வங்கிக்குப் போகும்போது சரியான எண்ணோடு போங்கள்.

18 வயது முடியாதவர்களுக்கு விசாவில் பெற்றோரின் சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழும் வேண்டும். காசநோய்ப் பரிசோதனையைச் சென்னையில் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் எடுக்க வேண்டும், சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும். வங்கியில் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் அப்படியே இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்து ஆரம்பிக்கும். சீசனில் முந்திரிக்கொட்டை வாங்க அப்பா அந்தக் கணக்கிலிருந்து எடுக்கப் பார்த்தார். பாஸ்புக்கை வாங்கி நான் வைத்துக்கொண்டேன்.