புரதத்தின் வடிவத்திலிருந்து அதன் அசைவை அறிவது எப்படி?

பாடநூல்களில் புரதங்கள் அசையாத வண்ணப் படங்களாகவே அச்சாகின்றன. ஆனால் ஹீமோகுளோபினின் படிக அமைப்பை (அதைப் படிகமாக்கிக் கண்டறிந்த அணுக்களின் அமைப்பை) உற்று நோக்கினால், உள்ளே புதைந்திருக்கும், இரும்பு அணுவைத் தாங்கிய ஹீம் தொகுதியை ஆக்சிஜன் சென்றடையப் போதிய அகலமுள்ள வழி எதுவும் அதில் தென்படாது. சுற்றியுள்ள பக்கச் சங்கிலிகள் (புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்களின் பக்கவாட்டுக் கிளைகள்) ஓயாமல் அசைந்து, கணநேரம் வழிவிடுவதால்தான் ஆக்சிஜன் உள்ளே நுழைகிறது. எனவே ஒரு புரதத்தின் வடிவத்தைப் படிப்பது என்பது, அவ்வடிவம் எந்த அசைவுகளுக்கு இடம் தருகிறது, எவற்றைத் தடுக்கிறது என்பதையும் சேர்த்துப் படிப்பதாகும். களிமண், மெல்லிய குச்சிகள், தடித்த அட்டை, பாகைமானி, இணைய இணைப்புள்ள ஒரு கணினி ஆகியவை இருந்தால் இதை யாரும் பழகலாம். கணினியில் தொடங்காமல் கையால் செய்யும் மாதிரியில் தொடங்குவதே நல்லது. திரையில் பார்த்த கோணம் மறந்துவிடும், கையால் திருப்பிய கோணம் நினைவில் நிற்கும்.

கார்பனும் அதன் பிணைப்புகளும்

ஒரு களிமண் உருண்டையில் நான்கு குச்சிகளை, எந்த இரண்டை எடுத்தாலும் அவற்றுக்கு இடையே ஒரே கோணம் அமையுமாறு செருகுங்கள். அக்கோணம் 109.5 பாகைக்கு அருகில் இருக்க வேண்டும். 90 பாகை வந்தால் நான்கையும் ஒரே தளத்தில் செருகிவிட்டீர்கள் என்று பொருள். கார்பனின் நான்கு பிணைப்புகளும் ஒரு நான்முகியின் முனைகளை நோக்குகின்றன என்னும் கருத்தை வான்ட் ஹாஃப், லெ பெல் ஆகிய இருவரும் 1874-இல் தனித்தனியே முன்வைத்தனர். குச்சிகளின் முனைகளில் நான்கு வெவ்வேறு நிற உருண்டைகளைப் பொருத்தி, அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் இன்னொரு மாதிரியாகச் செய்து பாருங்கள். இரண்டையும் எப்படித் திருப்பினாலும் ஒன்றோடொன்று பொருந்தாது. கிளைசின் நீங்கலாக, நம் புரதங்களை ஆக்கும் அமினோ அமிலங்கள் அனைத்தும் இவ்விரு வடிவங்களில் ஒன்றை மட்டுமே கொண்டவை.

இனி மாதிரியை அசைக்கலாம். குச்சிகளை வளைக்கவோ இழுக்கவோ கூடாது, அவற்றைச் சுற்றித் திருப்ப மட்டுமே செய்யலாம் என்பது இங்கு விதி. இவ்விதிக்குக் காரணம் ஆற்றல் கணக்கில் உள்ளது. உடல் வெப்பநிலையில் வெப்ப அசைவின் ஆற்றல் அளவு ஒரு மோலுக்கு ஏறத்தாழ 2.6 கிலோஜூல். கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பை உடைக்க ஏறத்தாழ 350 கிலோஜூல் தேவை. ஆனால் ஈத்தேனில் அதே பிணைப்பைச் சுற்றித் திரும்புவதற்கான தடை ஏறத்தாழ 12 கிலோஜூல்தான். மூலக்கூறுகளின் இடைவிடாத மோதல்களில் இந்தத் தடை மீண்டும் மீண்டும் கடக்கப்படுகிறது. ஆகவே உயிர் மூலக்கூறுகளின் பெரிய அசைவுகள் பெரும்பாலும் ஒற்றைப் பிணைப்புகளைச் சுற்றிய சுழற்சிகளே.

பெப்டைடு அட்டைகள்

இதற்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. புரதத்தின் வடிவம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. இரு அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பிணைப்பில் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையிலான தூரம் 1.33 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). வழக்கமான ஒற்றைப் பிணைப்பைவிட இது குறைவு. ஓரளவு இரட்டைப் பிணைப்பின் தன்மை இருப்பதால் அது எளிதில் திரும்பாது. அதனால் அப்பிணைப்பைச் சுற்றியுள்ள ஆறு அணுக்களும் ஏறத்தாழ ஒரே தளத்தில் அமைகின்றன.

அத்தளத்தையே அட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். ஓர் ஆங்ஸ்ட்ராமுக்கு 2 செ.மீ. என்று அளவு வைத்தால், அட்டையின் எதிரெதிர் மூலைகளில் வரும் இரண்டு ஆல்ஃபா கார்பன்களுக்கும் (அமினோ அமிலத்தில் பக்கச் சங்கிலியைத் தாங்கும் நடுக் கார்பன்களுக்கும்) இடையே 7.6 செ.மீ. இருக்க வேண்டும். நடுவில் கார்பன், ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் ஆகியவற்றை வரையுங்கள். ஒரு மூலையில் நைட்ரஜன்–ஆல்ஃபா கார்பன் கோட்டின்மேலும், எதிர் மூலையில் கார்பன்–ஆல்ஃபா கார்பன் கோட்டின்மேலும் குச்சிகளை ஒட்டுங்கள். இத்தகைய இரண்டு அட்டைகளை, அவற்றுக்குப் பொதுவான ஆல்ஃபா கார்பனாக நிற்கும் ஒரு களிமண் உருண்டையில் ஏறத்தாழ 110 பாகைக் கோணத்தில் இணைத்தால், ஒவ்வோர் அட்டையையும் அதன் குச்சியைச் சுற்றித் திருப்பலாம். நைட்ரஜன் பக்கத் திருப்பம் ஃபை கோணம். கார்பன் பக்கத் திருப்பம் சை கோணம்.

இரண்டையும் மெதுவாகத் திருப்பி, எந்த நிலைகளில் ஒரு அட்டையின் ஆக்சிஜன் மற்றதன் ஹைட்ரஜனையோ ஆக்சிஜனையோ பக்கச் சங்கிலியையோ முட்டுகிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் கணக்கிட்டு 1963-இல் வெளியிட்ட வரைபடம், இந்த முட்டல்களைத்தான் ஃபை–சை அச்சுகளில் காட்டுகிறது. அதன் பரப்பில் பெரும்பகுதி தடுக்கப்பட்ட இடம் என்பதும், அணுக்களின் பருமனையும் தூரத்தையும் மட்டுமே கொண்டு அம்முடிவு எட்டப்பட்டது என்பதும் இன்றும் வியக்கத்தக்கவை. உலகெங்கும் புதிய புரத அமைப்புகளைச் சரிபார்ப்பவர்கள் இன்றும் இவ்வரைபடத்தையே துணைகொள்கிறார்கள். அட்டைகளை ஃபை −60, சை −45 பாகைக்கு அருகில் வைத்துத் தொடர்ந்து இணைத்துக்கொண்டே போனால், ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள் கொண்ட வலஞ்சுழி ஆல்ஃபா சுருள் உங்கள் கையிலேயே உருவாகும். பக்கச் சங்கிலி இல்லாத கிளைசின் இதைவிட அதிகமாகத் திரும்பும். வளையத்தால் கட்டுண்ட புரோலினின் ஃபை கோணம் ஏறத்தாழ நிலைத்துவிடும். சுருள் எங்கே முறியும், சங்கிலி எங்கே மடங்கும் என்பதை ஊகிக்க இவ்விரண்டையும் முதலில் தேடுங்கள்.

திரையில் ஹீமோகுளோபின்

1971-இல் தொடங்கப்பட்ட, புரத அமைப்புகளின் தரவுத்தளமான புரோட்டீன் டேட்டா பேங்கிலிருந்து 4எச்எச்பி (4HHB), 1எச்எச்ஓ (1HHO) என்னும் இரு கோப்புகளைப் பதிவிறக்குங்கள். முன்னது ஆக்சிஜன் ஏறாத மனித ஹீமோகுளோபின். பின்னது ஆக்சிஜன் ஏறியது. இரண்டாவது கோப்பில் மூலக்கூறின் பாதி மட்டுமே இருக்கும் என்பதால், உயிரியல் தொகுப்பு என்னும் முழு வடிவத்தைத் தேர்ந்தெடுக்க மறவாதீர்கள். கைமீராஎக்ஸ், பைமால் போன்ற மென்பொருளில் இரண்டையும் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஆல்ஃபா–பீட்டா இணையை (ஹீமோகுளோபினின் நான்கு சங்கிலிகள் இத்தகைய இரு இணைகளாக அமைந்தவை) மட்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்துங்கள். முழு மூலக்கூறையும் சேர்த்துப் பொருத்தினால் வேறுபாடு எல்லாத் திசைகளிலும் பரவி மறைந்துவிடும். ஓர் இணை பொருந்திய பின், மற்ற இணை ஏறத்தாழ 15 பாகை சுழன்றிருப்பது தெளிவாகத் தெரியும்.

அடுத்து ஹீமைப் பெரிதாக்குங்கள். ஆக்சிஜன் இல்லாதபோது இரும்பு அணு ஹீமின் தளத்திலிருந்து ஏறத்தாழ 0.4 ஆங்ஸ்ட்ராம் விலகி நிற்கிறது. ஆக்சிஜன் பிணைந்ததும் அது தளத்தை நோக்கி நகர்ந்து, தன்னோடு இணைந்த ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தையும் அது அமர்ந்திருக்கும் சுருளையும் இழுக்கிறது. அணுவின் விட்டத்தைவிடச் சிறிய இந்நகர்வு சுருள்கள் வழியாக இரு இணைகளுக்கும் இடையிலான எல்லையைச் சென்றடைந்து, மூலக்கூறின் பாதியையே திருப்புகிறது. அதனால் எஞ்சிய ஹீம்கள் ஆக்சிஜனை இன்னும் எளிதாகப் பற்றுகின்றன. இரு நிலைகளையும் இணைத்து அசைபடமாக்கும் வசதியை மென்பொருள் தரும். ஆயினும் இடைப்பட்ட காட்சிகள் கணிப்பால் நிரப்பப்பட்டவை. மூலக்கூறு அவ்வழியில்தான் சென்றது என்று முடிவுகட்ட வேண்டாம்.

வெப்பக் காரணி

ஒரே கோப்பிலிருந்தும் அசைவைப் பற்றி அறிய முடியும். கோப்பில் ஒவ்வோர் அணுவுக்கும் எதிரே பி-காரணி, அதாவது வெப்பக் காரணி, என்னும் எண் இருக்கும். அது 20 சதுர ஆங்ஸ்ட்ராம் என்றால் அணு தன் சராசரி இடத்திலிருந்து ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ அரை ஆங்ஸ்ட்ராம் சிதறியிருக்கிறது என்றும், 80 என்றால் ஓர் ஆங்ஸ்ட்ராம் என்றும் கொள்ளலாம். இவ்வெண்ணைக் கொண்டு வண்ணமிட்டால், உள்ளகம் அமைதியாகவும் வெளி வளைவுகள் அலைபாய்ந்தும் தோன்றும். ஆனால் படிகத்தின் ஒழுங்கின்மையும் மாதிரியின் பிழைகளும் இதே எண்ணில் கலந்திருப்பதால், ஒரே கோப்பின் பகுதிகளைத் தங்களுக்குள் ஒப்பிடுவது பாதுகாப்பானது; வெவ்வேறு கோப்புகளின் எண்களை நேரடியாக ஒப்பிடக் கூடாது. அசைவு எத்தனை வேகமானது என்பதையும் இவ்வெண் சொல்லாது. பிணைப்புகளின் அதிர்வு ஃபெம்டோ நொடிகளிலும், பக்கச் சங்கிலிகளின் திருப்பங்கள் பலவும் பிக்கோ, நானோ நொடிகளிலும், பெரும்பகுதிகளின் நகர்வு பெரும்பாலும் மைக்ரோ, மில்லி நொடிகளிலும் நிகழ்கின்றன; இவ்வரிசையில் ஒவ்வோர் அலகும் முந்தையதைப்போல் ஆயிரம் மடங்கு நீண்டது.

ஆல்ஃபாஃபோல்டு என்னும் செயற்கை நுண்ணறிவு நிரல் கணித்த அமைப்புகளைத் திறக்கும்போது மட்டும் கூடுதல் கவனம் தேவை. அக்கோப்புகளில் பி-காரணிக்குரிய அதே இடத்தில் கணிப்பின் நம்பகத்தன்மை, 0 முதல் 100 வரையான மதிப்பெண்ணாகப் பதிவாகியிருக்கும். அங்கே உயர்ந்த எண் நல்லது. 50-க்குக் கீழ் உள்ள பகுதிகள் பெரும்பாலும் நிலையான வடிவமற்றவை என்பதால், அங்கே வரையப்பட்ட வளைவுகளில் கோணங்களை அளந்து பயனில்லை.