மருந்து பலிக்கவில்லையா, உள்ளே போகவில்லையா? குழந்தைகளின் மூட்டுவாதச் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மருந்தெல்லாம் ஒழுங்கா கொடுக்கிறீங்களா?" என்று டாக்டர் கேட்பார். "கொடுக்கிறோம் டாக்டர்" என்று அம்மா சொல்வார். பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். போன மாதம் இரண்டு வாரம் மாத்திரை விட்டுப்போனது அம்மாவுக்கும் பிள்ளைக்கும் தெரியும், மருந்துச்சீட்டு எழுதுகிறவருக்குத்தான் தெரியாது. முழங்கால் வீக்கம் குறையவில்லையே என்று பார்த்துவிட்டு, மருந்து போதவில்லை என்று அவர் முடிவு செய்கிறார். டோஸ் கூடுகிறது, அல்லது இன்னும் வீரியமான மருந்துக்குப் போகிறார்கள். குழந்தைகளின் நாள்பட்ட மூட்டுவாதத்தில் நடக்கும் தவறுகளிலேயே பெரியது இதுதான் என்பேன். இதில் பழி பெற்றோருக்கு மட்டுமில்லை. கேள்வி கேட்ட விதத்திலும் கோளாறு இருக்கிறது.

"ஒழுங்கா கொடுக்கிறீங்களா" என்று கேட்டால் ஆமாம் என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? "எல்லா வீட்லயும் நடுவுல விட்டுப்போகும். போன மாசம் எத்தனை வாரம் விட்டுப்போச்சு? எந்த மருந்தைக் கொடுக்கறது கஷ்டமா இருக்கு?" என்று கேட்டால் உண்மை தானாக வரும். அப்படி வந்த பிறகு டாக்டர் திட்டிவிட்டால், அடுத்த முறை வராது.

16 வயதுக்குள் தொடங்கி, குறைந்தது 6 வாரமாவது நீடிக்கும், வேறு காரணம் எதுவும் பிடிபடாத மூட்டு அழற்சியைத்தான் சிறார் மூட்டுவாதம் என்கிறார்கள். உடலின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டுகளின் உட்சவ்வையே தாக்குவதால் வருவது. இதில் வலிமருந்து சில மணி நேரத்தில் வேலையைக் காட்டிவிடும். நோயின் வேகத்தைக் குறைக்கும் மெத்தோட்ரெக்சேட்டுக்கோ, பலன் தெரியவே 6 முதல் 12 வாரம் பிடிக்கும். இதை முதல் நாளே அழுத்திச் சொல்லாவிட்டால், நாலாவது வாரத்தில் "இந்த மாத்திரையால ஒரு பிரயோஜனமும் இல்ல" என்று வீட்டில் ஒரு முடிவு எடுத்துவிடுவார்கள். நோயின் பெயரைக் கேட்ட அதிர்ச்சியில் இருப்பவர்களுக்கு அன்றைக்குச் சொன்னதில் பாதி மனதில் நிற்காது. அதனால் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது நல்லது. டாக்டர் எழுதித் தரவில்லையா, எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

மெத்தோட்ரெக்சேட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். விட்டுப்போகும் மருந்துகளில் இதற்குத் தனி இடம் உண்டு. வாரம் ஒருமுறைதான், ஆனால் குமட்டும். சில மாதங்கள் போனதும் மாத்திரை வாய்க்குள் போவதற்கு முன்பே குமட்டல் தொடங்கிவிடும். அந்தக் கிழமை வந்தாலே பிள்ளைக்கு முகம் வாடும். மஞ்சள் மாத்திரையைக் கண்டாலே ஓங்கரிக்கும், சில பிள்ளைகளுக்கு மஞ்சளாக வேறு எதைப் பார்த்தாலும் அப்படித்தான். இதை அடம், நடிப்பு என்று நினைத்து மிரட்டி வாயில் திணிப்பது தவறு. பாவமாக இருக்கிறதே என்று யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுவது அதைவிடப் பெரிய தவறு. டாக்டரிடம் சொன்னால் வழி இருக்கிறது: இரவு தூங்கப்போகும் நேரத்துக்கு மாற்றலாம், ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமினைச் சேர்க்கலாம், குமட்டலுக்கு முன்கூட்டியே மருந்து தரலாம், தோலுக்கடியில் போடும் ஊசியாக மாற்றிப் பார்க்கலாம். சொன்னால்தானே மாற்ற முடியும்?

வாரம் ஒருமுறை கொடுக்க வேண்டிய இந்த மருந்தைத் தினமும் கொடுத்துவிடுவது உயிருக்கே ஆபத்து. எலும்பு மஜ்ஜை பாதித்து ரத்த அணுக்கள் சரிந்துவிடும். பெட்டியின் மேலேயே கிழமையைப் பெரிதாக எழுதி வையுங்கள், வீட்டில் ஒரே ஆள் பொறுப்பெடுத்துக் கொடுக்கட்டும். ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம் இரண்டு டோஸாகக் கொடுக்கக் கூடாது. ரத்தப் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள், கல்லீரலையும் ரத்த அணுக்களையும் அதில்தான் கண்காணிக்கிறார்கள்.

வலி போனதும் மருந்தை நிறுத்துவது அடுத்தது. பிள்ளை ஓடுகிறது, ஆடுகிறது, இனி எதற்கு என்று தோன்றும். மருந்து வேலை செய்வதால்தான் ஓடுகிறது. எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது என்பதை டாக்டரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். பல நாள் கொடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால், உடல் தானாகச் சுரக்க வேண்டிய ஹார்மோன் இல்லாமல் குழந்தை மயங்கி விழும் அளவுக்குப் போகலாம். காய்ச்சல், தொற்று வந்தால் இந்த வாரம் மெத்தோட்ரெக்சேட்டோ, பயாலஜிக் ஊசியோ (எதிர்ப்புச் சக்தியில் அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட பொருளைத் தடுக்கும் மருந்து) கொடுக்கலாமா என்று போன் போட்டுக் கேளுங்கள். நீங்களாக முடிவெடுக்க வேண்டாம்.

கண் பரிசோதனையை விடுவதை எந்தக் காரணம் சொன்னாலும் ஏற்க முடியாது. இந்த நோயோடு வரும் கண் அழற்சியில் பெரும்பாலும் கண் சிவக்காது, வலிக்காது. குழந்தை ஒன்றுமே சொல்லாது, பார்வை மட்டும் போய்க்கொண்டிருக்கும். சின்ன வயதிலேயே நோய் தொடங்கி, ஏஎன்ஏ (உடல் தன் செல்களையே எதிர்க்கும் எதிர்பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனை) பாசிட்டிவ் வந்த குழந்தைகளுக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை ஸ்லிட் லாம்ப் பரிசோதனை (ஒளிக்கீற்றைப் பாய்ச்சி, கண்ணைப் பெரிதாக்கிப் பார்ப்பது) தேவைப்படும். "கண் நல்லாத்தானே தெரியுது" என்பது இங்கே அத்தாட்சி ஆகாது.

வேறு வைத்தியம் பார்ப்பதை மறைப்பதும் நடக்கிறது. சில டாக்டர்கள் எரிந்து விழுவார்கள், அதனால் மறைக்கிறார்கள். இரண்டு பக்கமும் மாற வேண்டும். என்ன கொடுக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் கல்லீரல் எண்கள் ஏன் ஏறின என்று அவரால் யோசிக்க முடியும். அதேபோல, சளிக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ வேறு டாக்டரிடம் போனால் மெத்தோட்ரெக்சேட் எடுப்பதைச் சொல்லியே ஆக வேண்டும். கோட்ரைமாக்சசோல் போன்ற ஆன்டிபயாடிக் அதோடு சேர்ந்தால் ஆபத்து. தடுப்பூசி போடும் முன்பும் சொல்லுங்கள்.

உடற்பயிற்சி மருந்தைவிட வேகமாகக் கைவிடப்படுகிறது. எட்டுப் பயிற்சிகள் எழுதிக் கொடுத்து ஒன்றும் நடக்காமல் போவதைவிட, பிள்ளைக்குப் பிடித்த இரண்டு தினமும் நடப்பது மேல் என்று நினைக்கிறேன்.

அப்புறம், பிள்ளையோடு பேசாமல் பிள்ளையைப் பற்றியே பேசுவது. ஆறு வயதுக் குழந்தைக்கும் "உன் மூட்டுக்குள்ள வீக்கம் இருக்கு, இந்த ஊசி அதைக் குறைக்கும்" என்பது புரியும். வலது கையிலா இடது கையிலா, ஊசிக்கு முன்னால் ஐஸ் வைக்கலாமா என்று தேர்வு செய்ய விடுங்கள். பயாலஜிக் ஊசியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் குத்தாமல், அதன் குறிப்புத்தாளில் சொன்ன நேரம் வெளியே வைத்துவிட்டுப் போட்டால் எரிச்சல் குறையும்.

பதின்வயதில் இன்னொரு தவறு: ஒரே நாளில் "இனி உன் மருந்து உன் பொறுப்பு" என்று கைகழுவுவது. மாத்திரையை எடுப்பது அவர்கள், எடுத்தாயிற்றா என்று பார்ப்பது நீங்கள் என்று சில காலம் போகட்டும். ஒவ்வொரு வருகையிலும் கொஞ்ச நேரம் டாக்டர் அவர்களைத் தனியாகப் பார்க்க வேண்டும், பெற்றோர் வெளியே காத்திருக்க வேண்டும். மெத்தோட்ரெக்சேட் எடுக்கும்போது மது கல்லீரலைக் கெடுக்கும், கர்ப்பம் தரித்தால் கருவைப் பாதிக்கும் என்பதை அப்போதுதான் வெளிப்படையாகப் பேச முடியும். ஸ்டீராய்டால் முகம் உப்பியதை வகுப்பில் கேலி செய்கிறார்கள், அதனால்தான் மாத்திரையைத் துப்பினேன் என்பதையும் அவர்கள் அங்கேதான் சொல்வார்கள்.